நூற்றுக்குப் பதினாலு

பதினாலு. நூறு தவளைக் குஞ்சு பிடித்ததில் பதினாலுக்கு உடம்பில் குறை. கண்காணாத ஊர்க் குட்டையில் இல்லை. எங்கள் பனங்கரை ஊருணியில். பிறந்ததிலிருந்து நான் குடித்து வளர்ந்த தண்ணீரில்.

என் பெயர் சேதுலட்சுமி. விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, ஒரு கல்லூரி நடத்தும் தவளைக் கணக்கெடுப்பில் இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை பார்க்கிறேன். தொண்டி, உச்சிப்புளி, நயினார்கோவில் என்று இருபத்தாறு குளம், குட்டை, ஊருணி எங்கள் பட்டியலில் இருக்கிறது. எந்தெந்த இனத் தவளை இருக்கிறது, எத்தனை இருக்கிறது, உடம்பில் ஏதாவது குறை தெரிகிறதா, இதுதான் வேலை. "தவக்களை எண்ணுறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்காத சொந்தக்காரன் ஒருத்தன் இல்லை. கேட்கிறவனுக்குத் தவளையின் பின்காலில் எத்தனை விரல் என்று கேளுங்கள், முழிப்பான். ஐந்து. முன்காலில் நாலு. நான் இதுவரை ஆயிரக்கணக்கில் எண்ணியிருக்கிறேன்.

மழை முடிந்து தை பிறந்ததும் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்துவிடும். வால் சுருங்கியும் சுருங்காமலும் கரையேறி, ஈரப் புல்லில் விரல் நகம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் பிடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் சேற்று வெடிப்புக்குள் போய்விடும். கையில் சோப்பு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கொஞ்சம் தண்ணீரோடு பாலித்தீன் பையில் போட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். கண் இரண்டு, கை இரண்டு, கால் இரண்டு, விரல்கள் சரி. நான் சொல்லச் சொல்ல காஜா நவாஸ் அண்ணன் எழுதுவார். அவர்தான் எங்கள் ஜீப் டிரைவர், தொண்டிக்காரர், ஐம்பது வயது. தவளையைத் தொடச் சொன்னால் நாலடி தள்ளி நிற்பார். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஒரு குளத்து நோய் இன்னொரு குளத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு இடத்திலும் இறங்குவதற்கு முன்னால் வலை, வாளி, பூட்ஸ் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி, பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுவோம். ஆனால் பனங்கரை ஊருணியில் பூட்ஸ் கிடையாது. குடிதண்ணி ஊருணி அது. செருப்புக் காலோடு படியில் இறங்கினால் கலெக்டராக இருந்தாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் வைது தீர்த்துவிடுவார்கள். அதனால் அன்று காலை பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலைத்தான் வாளியில் முக்கிக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்த இராமலட்சுமி சின்னம்மா நின்று பார்த்தது.

"என்னத்தா, கால எதுல கழுவுற? வாட வருது."

"பிளீச்சிங் பவுடரு சின்னம்மா. வேற ஊருக் குளத்துச் சீக்கு நம்ம ஊருணிக்கு வந்துறக் கூடாதுல்ல? இதுல முக்கி எடுத்தா எல்லாம் செத்துப்போகும்."

"அம்புட்டையும் கொன்னுருமா?"

"அம்புட்டையும்."

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அதற்காக இன்றுவரை என்னை நானே வைதுகொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பிடித்ததில் ஏழாவது குஞ்சுக்கு இடது பின்கால் இல்லை. சரி, இருக்கும் என்று விட்டேன். பன்னிரண்டாவதுக்கு வலது கண் இல்லை. பத்தொன்பதாவதுக்குப் பின்கால் முழங்காலோடு நின்று, நுனி குச்சி மாதிரி இருந்தது. ஒன்றுக்கு இடுப்பில் கூடுதலாக ஒரு கால், அசைக்க முடியாமல் தொங்கியது. காஜா அண்ணன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு தங்கச்சி" என்றார். சொன்னேன். நூறு முடிந்தபோது பதினாலு. மற்ற குளங்களில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. உச்சிப்புளி பக்கம் ஒரு குட்டையில் மூன்று வந்ததற்கே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

"அல்லாவே" என்றார் காஜா அண்ணன். "இந்தத் தண்ணியத்தான ஊரே குடிக்கிது?"

ஆமாம், இதைத்தான் குடிக்கிறது. குழாயில் வாரத்துக்கு ஒருநாள் வருகிற தண்ணீர் துணி அலசக் காணாது. ஊருணித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றினால் இனிக்கும் என்று எங்கள் ஊருக்குப் பெரிய பெருமை.

எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் ஒருத்தி மாலதி மதினி. என் அண்ணன் மனைவி. அண்ணன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். மதினிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில் போனது. இப்போது மூன்றாவது, நாலாம் மாதம் நடக்கிறது. இந்தத் தடவையும் தங்கவில்லை என்றால் மதினியைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு அண்ணனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று என்னைப் பெற்றவள் மீனம்மாள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். மதினி காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

பதினாலு எண்ணிய அன்றைக்கே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"மதினிக்காவது கேன் தண்ணி வாங்கிக் குடு. ஊருணித் தண்ணியச் சோதிச்சுப் பாக்குற வரைக்கும்."

"நாங்கள்லாம் எதக் குடிச்சுப் பெத்தோம்? ஒன்னய எதக் குடிச்சுப் பெத்தேன்? தண்ணியக் கொற சொல்லாத. கோளாறு அவ வயித்துல இருக்கு."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன உள்ள போயிப் பாத்தியா?"

"ஏத்தா, நாலெழுத்துப் படிச்சிட்டா வாயி காதுவரைக்கும் போகுமா?"

மதினி அடுப்படியில் ஊருணித் தண்ணீரில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. தவளைக்குக் கால் இல்லை என்றால் விலங்கியல் படிக்காத காஜா அண்ணன்கூடத் தண்ணீரைப் பார்க்கிறார். மனுஷிக்குப் பிள்ளை தங்கவில்லை என்றால் ஊரே மனுஷியைப் பார்க்கிறது. என்ன நியாயம் இது?

நான் புளுகவில்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தவளைக்குக் கால் போனதற்கும் மதினிக்குப் பிள்ளை போனதற்கும் ஒரே காரணம்தானா என்றும் தெரியாது. தெரியாததால்தான் சோதிக்கச் சொல்கிறேன். ஆனால் ஊருணிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்த வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மிளகாய்த் தோட்டம். முக்கால்வாசி பிரசிடெண்ட் தவசி சின்னையாவுடையது. மருந்து அடித்து முடித்த டேங்கை எல்லோரும் அந்த வாய்க்காலில்தான் கழுவுகிறார்கள். காலி டப்பாவை அங்கேயேதான் வீசுகிறார்கள். எங்கள் அய்யா முனியசாமியும் அதில் அடக்கம். அவர் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷன் கழுவினாலும் மருந்து மருந்துதானே?

எங்கள் கணக்கெடுப்புக்குத் தலைவர் பிரபாகரன் சார். பெரிய படிப்புப் படித்தவர், வருஷத்துக்கு மூன்று தடவை குளத்தை நேரில் பார்ப்பார். போனில் எண்ணைச் சொன்னதும் சிரித்தார்.

"கொக்கு கொத்தியிருக்கும் சேது. மீன் கடிச்சிருக்கும்."

"கண்ணிருக்க வேண்டிய எடத்துல தோல் மூடியிருக்கு சார். கொக்கு கொத்திட்டுத் தையலும் போட்டுட்டா போகும்?"

"கோபப்படாதீங்க."

"கோபப்படல சார், கேக்குறேன்."

கோபம்தான் பட்டேன். படங்களை எல்லாம் அனுப்பினேன். மறுபடி மறுபடி போன் செய்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார். மாவட்டத்திலிருந்து தண்ணீர் சம்பந்தப்பட்ட ஓர் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருவார். அவர்கள் கண் முன்னால் மறுபடி நூறு குஞ்சு பிடித்து எண்ண வேண்டும். அதில் குறையுள்ளது பத்துக்குக் குறையாமல் வந்தால், அங்கேயே தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், அறிக்கையிலும் ஏறும். வரவில்லை என்றால் அறிக்கையில் பனங்கரை பற்றிய பத்தியையே எடுத்துவிடுவார். மாதக் கடைசியோடு திட்டம் முடிகிறது. இன்னொரு வாய்ப்பு கிடையாது.

நான் தங்கியிருப்பது ராமநாதபுரத்தில் ஓர் அறையில். சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"செவ்வாக்கிழம ஆபீசருக வாராக. நம்ம ஊருணித் தவளையில கொற இருக்கான்னு பாக்குறதுக்கு. மதியச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்."

"கொறையா? என்ன கொற?"

"அதான் சொன்னேன்ல, காலு இல்லாம, கண்ணு இல்லாம."

"அத எதுக்குடி ஊருக்கெல்லாம் காட்டுற?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே, அந்த ஊர் புத்தி எனக்குத் தெரியாதா? ஆபீசர் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வருகிற நாளில் படிக்க வராத பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படிக்கிறவர்களை முன் பெஞ்சில் உட்காரவைத்த ஊர் அது. அந்த முன் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான் நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் ஜீப்பும் பின்னால் சாரும் அதிகாரியும் வந்த காரும் ஊருக்குள் நுழைந்தன. ஊருணிக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போதே காஜா அண்ணன் மூக்கைச் சுளித்தார். "தங்கச்சி, நம்ம வாளி ஏதும் கொட்டிருச்சா?" என்றார். வாளி கொட்டவில்லை. வாடை வெளியிலிருந்து வந்தது.

ஊருணிக் கரையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். படித்துறையில் பெரிய கோலம். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் சீவி வைத்த இளநீர். ஊர் முழுக்க நல்ல சேலை, நல்ல வேட்டியில் நின்றது. தவசி சின்னையா கையில் மாலையோடு முன்னால் வந்தார். ஊருணியைப் பார்த்தேன். கரைப் புல் செதுக்கப்பட்டு, தரை மழமழவென்று இருந்தது. தண்ணீர் வெளிறிப்போய் அடித்தரை தெரிந்தது. ஒரு சத்தமில்லை. பக்கத்தில் போனால் பொளக் பொளக்கென்று தண்ணீரில் குதிக்குமே, ஒன்றுகூடக் குதிக்கவில்லை.

வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கரையைச் சுற்றி ஒரு முறை, எதிர்ப்பக்கமாக ஒரு முறை. ஒரு மணி நேரம். தவளை இல்லை, தலைப்பிரட்டை இல்லை, கெண்டைக் குஞ்சுகூட இல்லை. தண்ணீர் பட்ட இடமெல்லாம் என் கால் எரிந்தது. மேலே ஏறி வந்து தவசி சின்னையா முன்னால் நின்றேன்.

"என்ன செஞ்சீக?"

"சுத்தம் பண்ணோம்த்தா" என்றார், வாயெல்லாம் பல்லாக. "ஞாயித்துக்கிழம நாலு மூட்ட பிளீச்சிங் பவுடரு. ஒரு தவக்கள இல்ல பாரு. கொறையுள்ளது, கொறையில்லாதது அம்புட்டும் போச்சு."

"யாரு ஒங்களப் போடச் சொன்னா?"

"நீதானத்தா சொன்ன?" என்று பின்னாலிருந்து இராமலட்சுமி சின்னம்மா கேட்டது. கிண்டல் இல்லை, பாவம், உண்மையாகத்தான் கேட்டது. "சீக்கு இருந்தா இதுல போட்டாச் செத்துப்போகும்னு நீதான சொன்ன? நாந்தான் பிரசிடெண்டு கிட்டச் சொன்னேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்துக்கொண்டேன்.

"வலையக் கழுவச் சொன்னேன் சின்னம்மா! ஊருணியக் கழுவவா சொன்னேன்?"

தவசி சின்னையா என்னைத் தனியே இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "கத்தாத. ஒனக்கென்ன, எண்ணிட்டுப் போயிருவ. ஊருணித் தண்ணியில கொறன்னு கவர்மெண்டுத் தாள்ல ஏறிட்டா, இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்? இந்த ஊருப் பொண்ண எவன் கட்டுவான்? ஒனக்கே இருவத்தொம்பது ஆச்சு."

"என் கல்யாணத்த நான் பாத்துக்கிறேன். இந்தத் தண்ணியக் குடிக்கிறவுகளுக்கு என்ன பதிலு சொல்லப் போறீக?"

அதற்குள் பிரபாகரன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேது, நூறு கிடைச்சுதா?"

"ஒண்ணுகூடக் கிடைக்கல சார். நேத்துக்கு முந்தின நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்னுட்டாங்க."

"அப்போ பூஜ்யம்னுதான் எழுத முடியும். தவளையே இல்லாத எடத்துல குறைன்னு எப்படி எழுதுறது?" அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பொறுமை போயிற்று.

"செத்ததையெல்லாம் எங்கன போட்டீக?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அய்யாவைப் பார்த்தேன். அவர் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு ஊருணியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஓரமாக நின்றிருந்த மாலதி மதினி மட்டும் மெதுவாக, தாடையால் வடக்குப் பக்கம் காட்டினாள். அங்கே கருவ மரங்களுக்குப் பின்னால் புதிதாக மூடிய குழி இருந்தது.

மண்வெட்டி எடுக்கப் போகவில்லை. கையாலேயே தோண்டினேன். மேல் மண் இளக்கமாகத்தான் இருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே மீனும் தவளையுமாகக் கிடந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து மண்ணை அள்ளுவது தெரிந்தது. காஜா நவாஸ் அண்ணன். இரண்டு வருஷமாகத் தவளையைக் கண்டால் ஒதுங்குகிற மனுஷன், கைலியைச் சுருட்டிக்கொண்டு கை நிறையக் குஞ்சுகளை எடுத்து, ஜீப்பிலிருந்து கொண்டுவந்த கூடையில் போட்டார். "எழுதுறதுக்கு ஆளு வேணும்ல, சீக்கிரம் எடு" என்றார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டினேன். வெள்ளைத் துணியில், இளநீருக்குப் பக்கத்தில். அதிகாரி துள்ளி எழுந்தார். ஊர் "அய்யய்யோ" என்றது. அம்மா "ஏண்டி எங்க மானத்த வாங்குற?" என்று அலறினாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கண், கை, கால் என்று உரக்கச் சொல்லி ஒதுக்கினேன். நல்லது ஒரு பக்கம், குறையுள்ளது ஒரு பக்கம். நசுங்கினதை, சிதைந்ததைச் சேர்க்கவே இல்லை. காஜா அண்ணன் மண் கையோடு எழுதினார். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார்கள். குறையுள்ள பக்கம் கூடக்கூடப் பேச்சு அடங்கிப்போனது. "இந்தா, இதுக்கு ரெண்டு கண்ணுமே இல்லையே" என்றது இராமலட்சுமி சின்னம்மா.

மொத்தம் இருநூற்றேழு. குறையுள்ளது இருபத்தொன்பது.

"நூத்துக்குப் பதினாலு சார்" என்றேன். "அன்னிக்கும் பதினாலு. இன்னிக்கும் பதினாலு."

பிரபாகரன் சார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். "செத்து ரெண்டு நாளானதை எண்ணுறது நம்ம முறையில இல்ல சேது. அழுகினதுல கால் உதிர்ந்திருக்கும்பாங்க. யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"உதிர்ந்த கால் எது, முளைக்காத கால் எதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான சார் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? தோல் மூடியிருக்கு பாருங்க. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. அதிகாரியைப் பார்த்தேன். "இப்போ தண்ணி எடுத்தா பிளீச்சிங்தானேம்மா காட்டும். அடுத்த வருஷம் திட்டம் வந்தா பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷம்! மதினிக்கு இது நாலாம் மாதம்.

"அடியில இருக்குற சேத்த எடுங்க. வரத்துக்கால் மண்ண எடுங்க. அங்கன எந்தப் பிளீச்சிங்கும் போடல. மருந்து டப்பா குப்பையாக் கெடக்கு, ஒங்களுக்கு எடுத்துக் காட்டவா?"

"வரத்துக்கால் எந்தோட்டத்துக்குள்ள போகுது" என்றார் தவசி சின்னையா. "கேக்காம ஒரு பிடி மண்ணு எடுக்கக் கூடாது."

அப்போதுதான் அம்மா உள்ளே புகுந்தாள். விருந்தாளி முன்னால் சண்டை நடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் செப்புக்குடம், கையில் வெள்ளி டம்ளர். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுத்த தண்ணீரை ஒரு மடக்காவது குடிக்க வேண்டும், குடிக்கவில்லை என்றால் அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

"அவ கெடக்கா, கோவக்காரி. நீங்க மொதல்ல ஒரு வாயி தண்ணி குடிங்க சார். பிளீச்சிங் போடுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்ச தண்ணி. எங்க ஊருணித் தண்ணி கல்கண்டா இனிக்கும்."

டம்ளரைப் பிரபாகரன் சாரிடம் நீட்டினாள். அவர் கையிலிருந்த பாட்டிலை உயர்த்திக் காட்டி, "இருக்கும்மா, பரவாயில்ல" என்றார். அம்மா அதிகாரி பக்கம் திரும்பினாள். "எனக்குத் தொண்டை சரியில்ல, வெந்நிதான்" என்றார் அவர், சற்றுமுன் இளநீர் குடித்த வாயால். அம்மாவின் முகம் சுருங்கியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரே ஆள்தான் மிச்சம்.

"தம்பி, நீங்களாவது குடிங்க. ஊரு பிரசிடெண்டு நீங்க."

தவசி சின்னையா டம்ளரைக் கையில் வாங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஊரும் பார்த்தது. உதட்டுவரை கொண்டுபோனார். மேசைமேல் கிடந்த இருபத்தொன்பதில் அவர் கண் போய் நின்றது. டம்ளரை அப்படியே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பத்தான் டீ குடிச்சேன்."

"ஆமா, இவுக எங்கிட்டுக் குடிக்கப் போறாக?" என்று இராமலட்சுமி சின்னம்மா சொன்னது. சின்னம்மா வீடு அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. "ரெண்டு வருசமா இவுக வீட்டுல கேன் தண்ணிதான. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஆட்டோவுல வந்து எறங்குது. மருமக முழுகாம இருந்தப்ப ஆரம்பிச்சது."

இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தன் மருமகளுக்குக் கேன் வாங்கிக் கொடுத்துவிட்டு, என் மதினிக்குப் பிள்ளை போனபோது எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "ராசி அப்படி, என்ன செய்ய" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். கையில் கிடைத்த இளநீரை எடுத்து அவர் மேல் எறிந்தேன். குறி தவறி ஷாமியானாக் கம்பத்தில் பட்டது. எறிந்ததற்கு எனக்கு வருத்தமில்லை, தவறியதற்குத்தான் வருத்தம்.

சாரும் அதிகாரியும் காரில் ஏறிவிட்டார்கள். எழுதிய தாளை காஜா அண்ணன் மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சார் கேட்டபோது கொடுக்கவில்லை. "வேலை போனாப் போகட்டும் தங்கச்சி" என்றார். அவர் பெயரும் என் பெயரும் கையெழுத்துமாக அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. எட்டு இடத்துக்கு நகல் அனுப்பியிருக்கிறேன். ஒருவரும் இன்னும் பதில் போடவில்லை. போடும்வரை விடப்போவதில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அம்மா டம்ளரும் குடமுமாக அப்படியே நின்றாள். யாரும் குடிக்காத தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு மதினியைத் தேடினாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் தணிந்து நான் கேட்டேன்.

"மாலதி, நீ நாளையிலருந்து இந்தத் தண்ணியக் குடிக்க வேணாம்த்தா. கேனு வாங்கிக்கிருவம்."

மதினி முன்னால் வந்தாள். அம்மாவின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி, சாய்த்து, முழுவதையும் கோலத்தின் மேலே ஊற்றினாள். ஊருணித் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தினாலும் பாவம் என்கிற ஊர். ஒருத்தரும் அவளைத் தடுக்கவில்லை. காலிக் குடத்தை அம்மா காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டு புள்ளைக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் அத்த."